கீது

"ரூம் கீதா, மேடம்?"
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து மூன்று பேரை ஏற்றி வந்து
பாபு ராவ் தெருவில் இறக்கிவிட்டுக் கேட்கிறார் ஆட்டோ ஜெயவேலு.
"கீது" என்கிறேன்.
இருக்கிறது என்று முழுசாய்ச் சொல்ல
எங்கள் ஊரில் யாருக்கும் பொறுமையில்லை.

லித்தியம் பதினொன்றுக்கு அந்த இரண்டெழுத்தே அதிகம்.
கீ என்று இழுப்பதற்குள் அது வேறொன்றாகிவிடும்.

லாட்ஜ் என் சித்தப்பா மகனுடையது.
அவன் தேனிலவு முடிந்து வரும்வரை இரவு மேசை எனக்கு.
இந்தப் பக்கம் பதிவேடு.
அந்தப் பக்கம் லேப்டாப்பில்
மூன்று நாளாய் ஓடிக்கொண்டிருக்கும் என் ஆய்வுக் கணக்கு.

நிராபதோ மாஹாத்தோ, புருலியா.
மனைவி ஷெஃபாலி.
மனைவியின் தம்பி ஹரேன்.
அவள் கையில் எக்ஸ்ரே உறை, தாம்பாளத்தைப் பிடிப்பதுபோல.
எத்தனை நாள் என்ற பத்திக்கு
நிராபதோ மூன்று விரல் காட்டினார்.
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் நாட்களை
இங்கே யாரும் பேனாவால் எழுதுவதில்லை.

பழைய பாடத்தில் அணுக்கரு ஒரு கிணறு.
சுவர் வானம்வரை.
விழுந்தது விழுந்த மட்டத்தில், என்றென்றைக்கும்.
அப்படியொரு கிணறு வட ஆற்காட்டில் நான் பார்த்ததில்லை.
பாலாற்று மணலுக்கு அடியில்
விருதம்பட்டுத் தண்ணீர் எது, சேண்பாக்கத்துத் தண்ணீர் எது
என்று கோடு கிழிக்க யாரால் ஆகும்?

அதனால் வெளியையும் கணக்கில் சேர்க்கிறோம்.
கதவு அறையைச் சேர்ந்தது.
தெரு அறையைச் சேர்ந்தது.
பின்னிரவில் காட்பாடி தாண்டும் ரயிலும்.
சேர்த்ததும் ஆற்றல் இரண்டாகப் பிரிகிறது:
எங்கே நிற்கிறது என்பது மெய்யெண்;
எவ்வளவு நேரம் என்பது கற்பனையெண், கழித்தல் குறியோடு.
கற்பனை என்ற பெயரை யார் வைத்தார்களோ.
இந்த மேசையில் எல்லோரும் என்னிடம் கேட்பது
அந்த ஒன்றைத்தான்.

இன்னொரு சங்கடம்.
தூரம் போகப் போக அலை பெரிதாகிறது.
முதல் வருடம் பிழையென்று நினைத்து
ஒரு மாத வேலையை அழித்தேன்.
பிழையில்லை.
வெகு தொலைவில் இருப்பது வெகு முன்னால் புறப்பட்டது,
உள்ளே இன்னும் நிறைய இருந்தபோது.
பதிவேட்டைப் பின்னால் புரட்டினால் புரியும்:
எல்லா அறையும் நிரம்பியிருந்த அந்த மாசி மாதத்து ஆட்கள்
இப்போது சில்சாரில், மால்டாவில், எங்கேயோ.

லித்தியம் பதினொன்றில்
நடுவே ஒன்பது, இறுக்கமாய்.
எட்டத்தில் இரண்டு நியூட்ரான்கள், மூட்டம்போல.
அந்த இரண்டும் தமக்குள் ஒட்டாது.
ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் ஒன்பதோடு ஒட்டாது.
மூன்றும் சேர்ந்தால்தான் கீது.

கணவனும் மைத்துனனும் பேசி நான் கேட்டதில்லை.
டீயை அவன் வாங்கி வருவான்,
அவள் கைக்குப் போய்த்தான் இவனுக்கு வரும்.
அவள் ஸ்கேனுக்குப் போயிருந்த மதியம்
ஒருவன் மொட்டைமாடியில், ஒருவன் வாசற்படியில்.

ஆறாம் இரவு, ஒன்றே முக்கால்.
ஹரேன் மட்டும் பையோடு இறங்கினான்.
என்னைப் பார்க்கவில்லை.
ஜெயவேலு வண்டியைக் கிளப்பும் சத்தம்.
ஐந்தரைக்கு நிராபதோ.
பணம் புரட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார், இந்தியில்,
இரண்டு முறை. இரண்டாவது முறை தரையிடம்.

ஏழு மணிக்கு அவள் வந்தாள்.
வெந்நீர் பிளாஸ்க் காலி.
திரையைப் பார்த்தாள்: கோட்டுக்குக் கீழே
ஒரே ஒரு புள்ளி, அசையாமல்.
சுற்றிலும் இருந்தவையெல்லாம்
நான் பாதையைத் திருப்பத் திருப்ப நகர்ந்துவிட்டன.
என்ன இது என்று கண்ணால் கேட்டாள்.
எனக்குத் தெரிந்த இந்தியில் அதற்கு வார்த்தையில்லை.

மூன்றை ரப்பரால் அழித்துவிட்டுப்
பென்சிலை அவளிடமே நீட்டினேன்.
யோசித்தாள். எழுதினாள், அவள் எழுத்தில்.
எட்டு என்று படித்தேன்.
வங்காளத்தில் நான்கும் அப்படித்தான் இருக்கும் என்பது
அவள் படியேறிப் போன பிறகு நினைவுக்கு வந்தது.

கேட்கவில்லை.
பிளாஸ்க்கை நிரப்பி மேலே அனுப்பினேன்.